அங்கீகரிக்கப்பட்ட மாடி

மேலே பார்க்காதீர்கள் சார். மாடி கிடையாது. உள்ளே வாருங்கள். அந்த மணல் குவியலைச் சுற்றிக்கொண்டு வாருங்கள், செருப்புக்குள் ஏறிவிடும்.

உட்காருங்கள். பேங்க்குக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன் என்று வாசலில் சொன்னீர்களே, அப்போதே புரிந்துவிட்டது. போனில் மேப்பை விரித்துக் காலனியைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். இந்த வீட்டுக்கு ஒரு மாடி, வெளியே தனியாகப் படி, கிழக்கே பார்த்த பால்கனி. ஒரு குடித்தனத்துக்கு வசதி, விடுவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னாலும் ஒருவர் வந்தார், மின்வாரியத்துக்காரர். அவர் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுப் போனார். உங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. என் மனைவி கோமதி கோயிலுக்குப் போயிருக்கிறாள். மகள் வடிவு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. பயப்படாதீர்கள், அங்கே மருந்துப் பிரிவில் வேலை பார்க்கிறாள். பி.பார்ம் படித்தவள். அதனால் காபி கிடையாது, தண்ணீர்தான். ஆனால் இதை நான் சொல்லியாக வேண்டும். மாடியை நம்பி வந்தவரிடம் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பித்தலாட்டக்காரன் என்று நினைத்துக்கொண்டு போவீர்கள். இந்த ஊரில் யாரும் என்னை அப்படி நினைத்ததில்லை. போன ஆவணி வரைக்கும் நினைத்ததில்லை.

நான் டிராப்ட்ஸ்மேன் சார். நகராட்சியில் வீட்டுப் பிளான்களைச் சரிபார்த்துத் திருத்துகிற வேலை. ரிட்டயரான பிறகு பொழுது போகவில்லை. வடிவுதான் ஒரு நாள் லேப்டாப்பில் ஒரு புரோகிராமை ஏற்றிக்கொடுத்தாள். "கோடு போட்ட கை சும்மா இருக்காது, இதுல போடுங்க" என்றாள். கட்டடத்தை முதலில் தனியாகக் கம்ப்யூட்டருக்குள் கட்ட வேண்டும். சுவர், ஜன்னல், சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், எல்லாம். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு போய் உலக மேப்பில் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, தரைமட்டம், வடக்கு எந்தப் பக்கம், இத்தனையும் சரியாக இருந்தால்தான் உட்காரும். யார் வேண்டுமானாலும் செய்து அனுப்பலாம். சரி என்று பட்டால் மேப் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள். உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும் நம் ஊரில் அந்தக் கட்டடம் நிற்கும்.

சாதாரண வேலை இல்லை. தரைமட்டம் தப்பினால் கட்டடம் அந்தரத்தில் தொங்கும், இல்லாவிட்டால் ஜன்னல் வரைக்கும் பூமிக்குள் போய்விடும். எட்டயபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை எவனோ தண்டவாளத்துக்கு நடுவில் வைத்திருந்தான். இன்னொருவன் தண்ணீர்த் தொட்டியைக் கண்மாய்க்குள் இறக்கியிருந்தான். வானத்திலிருந்து எடுத்த படத்தில் உயரமான கட்டடமெல்லாம் சாய்ந்து தெரியும். அனுபவமில்லாதவன் கூரையைப் பார்த்து வைத்துவிடுவான், கட்டடம் பக்கத்து மனைக்குப் போய்விடும். தலையைப் பார்க்கக் கூடாது சார், காலைப் பார்த்து வைக்க வேண்டும். நான் டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போவேன். போஸ்ட் ஆபீஸ், பெண்கள் பள்ளிக்கூடம், நம் காலனிப் பிள்ளையார் கோயில், எல்லாம் நான் வைத்தவை. ஒரு அடி நகர்ந்திருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அந்த மண்டபத்தையும் நான்தான் தண்டவாளத்திலிருந்து எடுத்து இடத்தில் வைத்தேன். மண்டபத்துக்காரனுக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு காலனி வீடுகளை ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசியில் எங்கள் வீடு.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இந்த வீட்டுக்கு வாங்கின அங்கீகாரம் கீழ்த்தளம், முதல் தளம் இரண்டுக்கும். முத்திரையோடு இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக் காட்டுகிறேன். அஸ்திவாரம் இரண்டு தளத்துக்குப் போட்டது. மேலே கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதே, பார்த்தீர்கள் அல்லவா, அது அதற்குத்தான். கீழே முடித்தோம், மேலே அப்புறம் என்று விட்டோம். அப்புறம் வரவில்லை. ஆனால் நான் வேலை பார்த்த காலமெல்லாம் எனக்குத் தெரிந்த வீடு என்பது முத்திரை போட்ட பிளான்தான். தரையில் நிற்கிற வீடு எப்போதும் அதிலிருந்து கொஞ்சம் தப்பித்தான் இருக்கும். ஒருவன் கக்கூஸை மாற்றியிருப்பான், ஒருவன் காலியிடம் விடாமல் கட்டியிருப்பான். அதை விதிமீறல் என்று எழுதுவோம். பிளான் தப்பு என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் எங்கள் வீட்டை வைக்கும்போது பிளான்படி வைத்தேன். இதில் பொய் எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

படியை நன்றாகப் போட்டேன். பால்கனிக்குக் கம்பிக் கிராதி. மேல் அறையில் மூன்று பக்கமும் ஜன்னல். வெளிர் மஞ்சள் பெயின்ட். மேப்பில் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன் என்று கோமதி சொன்னாள்.

அவளிடமும் காட்டினேன். "யார் வீடு இது?" என்றாள். நம் வீடுதான் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாருக்கு. எப்பக் குடி போறோம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் வாய் அப்படி. அடுத்த வீட்டுத் தங்கமாரியப்பன் ரயில்வேயில் இருந்தவர், அவர் வாய் அதற்கும் மேலே. அந்த மேப்பில் வெயிலை எந்த நேரத்துக்கு வேண்டுமானாலும் மாற்றலாம், நிழல் அதற்குத் தக்கபடி விழும். அவர் அதைப் பார்த்துவிட்டு, காம்பவுண்டுச் சுவரைத் தட்டி, "அண்ணாச்சி, உங்க மாடி நிழல் எங்க மொட்டைமாடியில விழுது. வத்தல் காயமாட்டேங்குதுன்னு வீட்டுக்காரி சடைக்கா" என்றார். நானும் சிரித்தேன். அப்போது எனக்கு வெட்கமாக இல்லை. அதுதான் ஆச்சரியம்.

வடிவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். தூத்துக்குடியில் ஒரு குடும்பம். ஆவுடையப்பன் என்று பெயர், துறைமுகத்தில் இருந்து ரிட்டயரானவர். பையன் ஓசூரில் இன்ஜினியர். ஜாதகம் பொருந்திவிட்டது. வடிவு போட்டோவைப் பார்த்து, சரி என்று ஒரே வார்த்தை சொன்னாள். இதற்கு முன்னால் வந்த வரனுக்கெல்லாம் அவள் அந்த ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. பெண் பார்க்க வருவதற்கு வழி கேட்டு ஆவுடையப்பன் போன் செய்தார். விலாசம் சொன்னேன். மறுநாள் அவரே திரும்பக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, பையன் உங்க வீட்டைப் போன்ல சுத்திச் சுத்திக் காட்டினான். மாடி நல்லா அம்சமா இருக்கு. நாளப்பின்ன பிள்ளையள் லீவுக்கு வந்தா இருந்துக்கிட வசதி" என்றார்.

நான் என்ன சொல்ல வேண்டும்? மாடி இல்லை என்று போனில் சொல்கிற விஷயமா அது? எதிர்முனையில் அவர் மனைவியும் கேட்டுக்கொண்டிருக்கிறார். "வாங்க, நேர்ல பாருங்க" என்றேன்.

போனை வைத்ததும் காது சுட்டது. அன்றைக்கே மேப்பிலிருந்து மாடியை எடுத்துவிட்டிருக்கலாம். எடுத்தால், பையன் மறுபடி பார்ப்பான், நேற்று இருந்தது இன்றைக்கு இல்லை என்பான். அது இன்னும் கேவலம். அதனால் ஒரு யோசனை செய்தேன். அப்போது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு லாரி மணலும் கொஞ்சம் செங்கல்லும் வரவழைத்து வாசலில் கொட்டச் சொன்னேன். வேலை நடக்கப்போகிறது என்று பார்த்தவுடனே தெரியும். அவர்களும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்ல வேண்டாம். கோமதி வெளியே வந்து மணலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கிறுக்கு முத்திப்போச்சு" என்றாள். வடிவு ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஏறி இறங்கிப் போனாள்.

அவர்கள் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தார்கள். இறங்கினார்கள். இறங்கியதும் எல்லோரும் மேலே பார்த்தார்கள் சார். ஒருவர்கூட வாசலைப் பார்க்கவில்லை. அந்த அம்மா கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு பார்த்தார். அங்கே வெறும் வானம். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் "வாங்க வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் வீட்டு வாசலில், என் தலைக்கு மேலே, எனக்குத் தெரியாமல் யாரோ எதையோ தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "மணலெல்லாம் கிடக்கு. மாடியை இடிச்சிட்டியளா அண்ணாச்சி?"

நான் அதை யோசிக்கவில்லை. மணலையும் செங்கல்லையும் யோசித்தேனே தவிர, ஏற்கெனவே இருந்த மாடி எங்கே போயிற்று என்று கேட்பார்கள் என்பதை யோசிக்கவில்லை. அவரே வழி காட்டினார், நான் அதில் போய்விட்டேன். "ஆமா" என்றேன். "கட்டினது சரியில்ல. மழைக்கு ஒழுகிச்சு. இடிச்சிட்டுப் புதுசா எடுக்கப்போறோம்." அதோடு விட்டிருக்கலாம். கொத்தனார் ஏமாற்றிவிட்டான் என்றும் சொன்னேன். இல்லாத கொத்தனார். அவனுக்கு ஒரு பேர்கூட வைத்தேன்.

வடிவு அப்போதுதான் காபித் தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். பையனுக்கும் கொடுத்தாள். தட்டை மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே சொன்னாள்: "இடிக்கல. அங்க மாடியே இருந்ததில்ல. அப்பா கம்ப்யூட்டர்ல கட்டுனது."

குரலை உயர்த்தவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்து இது சாப்பாட்டுக்கு முன், இது பின் என்று சொல்வாளே, அந்தக் குரல்.

கோமதியாவது சும்மா இருந்திருக்கலாம். கதவுப் பக்கத்தில் நின்றவள், "மாடிக்குன்னு வச்சிருந்த பணத்துலதான் இவளைப் படிக்க வச்சோம். அவருக்கு அது மனசுல கிடந்திருக்கு, மேப்புல போட்டுட்டாரு" என்றாள். அதாவது, எங்களுக்கு வசதி இல்லை என்பதை இவளும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். ஒருத்தி நான் பொய்யன் என்றாள், இன்னொருத்தி நான் இல்லாதவன் என்றாள். பெற்றவளும் மகளுமாக ஒரே நிமிஷத்தில்.

என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்றுதான் எனக்குப் பட்டது. கோமதி அப்படி இல்லை என்கிறாள். "அந்தப் பிள்ளை வடிவையே பாத்துக்கிட்டு இருந்தது, உங்களை எங்க பாத்துச்சு" என்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும்? பிறகு அந்த அம்மா வடிவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி உண்டா என்று கேட்டார். பேச்சு எங்கெங்கோ போனது. கிளம்பும்போது ஆவுடையப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்தேன்.

முடிந்தது என்று நினைத்தேன். அப்படியே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. கோமதி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். "அண்ணாச்சி, எங்களுக்குப் பரிபூரண சம்மதம். பொண்ணு பேசின விதம் வீட்ல இவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பையனுக்கும்தான். பூ வைக்க என்னைக்கு வாரது, சொல்லுங்க" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு தேதியைச் சொல்லியிருப்பேன். அவர் சிரித்தார் சார். சிரித்துக்கொண்டே, "எங்க வீடு ஓட்டு வீடுதான். அதுக்கும் ஒரு மாடி கட்டிக் குடுங்க, கம்ப்யூட்டர்ல" என்றார். பின்னால் அந்த அம்மாவும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

கோமதியிடம் சொன்னால், அது வேடிக்கைக்குச் சொன்னது என்பாள். எனக்குத் தெரியாதா வேடிக்கை? சம்பந்தி என்று ஆனபிறகு பொங்கலுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார், பேரன் காது குத்துக்கு வருவார். வருகிறபோதெல்லாம் இறங்கி மேலே பார்ப்பார். மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது சொல்லுவார், எங்க சம்பந்தி மாடி கட்டின கதை தெரியுமா என்று. நான் சாகிறவரைக்கும் அந்தச் சிரிப்பு என்னோடு இருக்கும். நீங்களே சொல்லுங்கள், அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

"கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன்.

கலக்கவில்லை. கோமதியிடம் சொல்லவில்லை, வடிவிடமும் சொல்லவில்லை. கேட்டார்கள். இன்னும் அங்கிருந்து ஒன்றும் வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு தூத்துக்குடி நம்பர் வந்தால் எடுப்பதில்லை. முதலில் தினமும் வந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. பையனும் பெண்ணும் நம்பர் மாற்றிக்கொள்ளவில்லை. பெரியவர்கள் முடிவு செய்யட்டும் என்று ஆவுடையப்பனே அன்றைக்குச் சொல்லியிருந்தார். நல்லவேளை.

வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். பால் வாங்க விடியும் முன்னே போய்விடுவேன். தங்கமாரியப்பன் சுவரைத் தட்டினால் குளியலறைக்குள் போய்விடுவேன். மேப்பைத் திறப்பதே இல்லை. மாடி அங்கேயே கிடக்கிறது. எடுத்தால் அவர்கள் கண்ணில் படும், எடுத்துவிட்டான் பார் என்பார்கள்.

வடிவு மறுபடி கேட்கவில்லை. அவள் கேட்கிற பிள்ளை இல்லை. வேலைக்குப் போகிறாள், வருகிறாள். ஒன்று மட்டும், வந்ததும் என் போனைத்தான் முதலில் பார்ப்பாள். "சார்ஜ் இருக்காப்பா?" என்பாள். இல்லாவிட்டால் அவளே சொருகிவைப்பாள். ரீசார்ஜும் அவள்தான் போடுகிறாள், தீர்வதற்கு முன்பே. அப்பா மேல் அவ்வளவு அக்கறை. சில நாள் சொருகிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பாள். அந்த நேரத்தில் நான் பேப்பரை விரித்துக்கொள்வேன்.

நேற்றுக் காலையில் ஆவுடையப்பன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தார். இதோ, கேட்கிறீர்களா? வேண்டாம், நானே சொல்கிறேன். "அண்ணாச்சி, பதிலே இல்ல. உங்களுக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்கிடுதோம். தப்பா நினைக்கல. நாளை கழிச்சு அருப்புக்கோட்டையில ஒரு இடம் பாக்கப் போறோம். பையனுக்கு மனசில்ல, அவன் அம்மாதான் இழுத்துக்கிட்டுப் போறா. அதுக்கு முன்ன ஒரு வார்த்தை சொன்னீயன்னா நல்லாருக்கும்." சிரிப்பே இல்லை. நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், எங்கேயாவது சிரிக்கிறாரா என்று.

நேற்றுச் சொன்ன நாளை கழித்து என்றால் நாளைக்கு. நாளைப் பொழுது போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும். வடிவுக்கு வேறு இடம் பார்ப்பேன். மாடியைப் பற்றித் தெரியாத ஊராகப் பார்ப்பேன். அவளுக்கு என்ன குறை? அன்றைக்கு அவள் அந்தத் தட்டை வைத்துவிட்டு உள்ளே போயிருந்தால் இதெல்லாம் இல்லை. பெற்ற அப்பாவைச் சபையில் நிறுத்திவிட்டாளே என்பதுதான் எனக்கு. வேறொன்றும் இல்லை சார்.

என்ன சார், போனையே பார்க்கிறீர்கள்? கூப்பிடச் சொல்கிறீர்களா? உங்களுக்குப் பெண் பிள்ளை உண்டா? அதனால்தான் அப்படிச் சொல்கிறீர்கள். இல்லை, கூப்பிட்டு என்ன என்று ஆரம்பிப்பது? முதல் வார்த்தை என்ன சொல்வது? நானும் நேற்றிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். வணக்கம் என்று சொல்வதா? அதற்கு அவர் வணக்கம் சொல்வார். அதற்குப் பிறகு?

வண்டிச் சத்தம் கேட்கிறது, வடிவுதான். சார், இது நம் இருவருக்குள் இருக்கட்டும். நீங்கள் வீடு கேட்டு வந்தீர்கள், இல்லை என்றேன், அவ்வளவுதான்.

வாம்மா. சார் பேங்க்குக்கு வந்திருக்கிறார். மாடி கிடைக்குமா என்று கேட்டார். இல்லையென்று சொல்லிவிட்டேன், நானே என் வாயால் சொல்லிவிட்டேன். நீ சொல்ல வேண்டியதில்லை.

போனா? சார்ஜ் இருக்கிறது. இங்கே கொடு, அதை ஏன் எடுக்கிறாய். இல்லையம்மா, யாரும் கூப்பிடவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்தால் உன்னிடம் சொல்ல மாட்டேனா? பெரிய குடும்பம், நாலு இடம் பார்த்துத்தான் சொல்வார்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள் சார்? தண்ணீர் அப்படியே இருக்கிறது. உட்காருங்கள். இல்லை, கிளம்புவதென்றால் கிளம்புங்கள், இருட்டுவதற்குள் வேறு வீடு பார்க்க வேண்டாமா? மணலைப் பார்த்துப் போங்கள்.

என்னம்மா இது, "அப்பா உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று அவரைப் போய்க் கேட்கிறாய். நேற்று ஊருக்கு வந்த மனிதர். அவருக்கு நம் வீட்டு விஷயம் என்ன தெரியும்?

சார், அவள் கேட்டாள் என்பதற்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.